ஆறில்லா ஊர் வளர்ந்த கதை

நாகரிகங்கள் ஆற்றங்கரைகளில் தோன்றின என்று வரலாற்றுப் பாடத்தில் படித்திருப்பீர்கள். நைல், சிந்து, காவிரி, வைகை என்று அடுக்கிக்கொண்டே போகலாம். ஆனால் ஆறே இல்லாத இடத்திலும் ஒரு நகரம் தழைத்திருக்கிறது. தூத்துக்குடி மாவட்டத்தைச் சேர்ந்த கோவில்பட்டிதான் அது. வடக்கே வைப்பாறும் தெற்கே தாமிரபரணியும் ஊரை எட்டிப் பார்க்காமலே கடலுக்குப் போய்விடுகின்றன. அப்படியிருந்தும் 2011-ஆம் ஆண்டு மக்கள் கணக்கெடுப்பில் இந்நகரின் மக்கள்தொகை 95,057. இது எப்படி இயன்றது? விடை அங்குள்ள காற்றிலும் மண்ணிலும் இருக்கிறது.

மலை மறைத்த மழை

தேசப்படத்தை விரித்துப் பாருங்கள். கோவில்பட்டிக்கு மேற்கே மேற்குத் தொடர்ச்சி மலை நிற்கிறது. ஜூன் முதல் செப்டம்பர் வரை அரபிக் கடலிலிருந்து வரும் ஈரக்காற்று இம்மலையில் மோதி மேலே ஏறுகிறது. ஏறும் காற்று விரிவடைகிறது, விரிவடைவதால் குளிர்கிறது. அதிலுள்ள நீராவி மேகமாகி, மலையின் மேற்குப் பக்கத்திலேயே பெரும்பாலும் மழையாகக் கொட்டிவிடுகிறது.

மேகம் உண்டாகத் தொடங்கியபின், ஏறும் காற்று 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 6 டிகிரி செல்சியஸ் குளிரும். நீராவி நீராகும்போது உள்ளுறை வெப்பத்தை வெளிவிடுவதால் குளிர்ச்சி இந்த அளவோடு நிற்கிறது. ஈரத்தை இழந்த காற்று கிழக்கே இறங்கும்போதோ 1,000 மீட்டருக்கு ஏறத்தாழ 10 டிகிரி சூடாகும். ஆகவே மலையைத் தாண்டி வரும் காற்று முன்னைவிட வெப்பமும் வறட்சியும் மிக்கதாக இருக்கிறது. கோவில்பட்டிச் சீமை இப்படி மழை மறைவில் அகப்பட்டுக்கொண்டது. ஆண்டுக்கு ஏறத்தாழ 700 மில்லிமீட்டர் மழையே இங்குக் கிடைக்கிறது. அதிலும் பாதிக்கு மேல் அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். மீதி மாதங்களில் இது வானம் பார்த்த பூமி.

நீரைச் சேமிக்கும் மண்

கோவில்பட்டியிலிருந்து பசுவந்தனை செல்லும் சாலையின் இருபுறமும் கரிசல் காடுகள் விரிந்து கிடக்கின்றன. கரிசல் என்றாலே எரிமலைக் குழம்பிலிருந்து உண்டான மண் என்று நினைக்கிறோம். தக்காணப் பீடபூமிக்கு அது பொருந்தும். தமிழ்நாட்டுக் கரிசலோ பெரும்பாலும் நைஸ் போன்ற பழம்பாறைகள் வறண்ட தட்பவெப்பத்தில் சிதைந்து உண்டானது. கறுப்பாக இருப்பதால் இதில் மட்கு மிகுதி என்றும் எண்ணிவிட வேண்டாம். மட்கு இதில் குறைவுதான்.

கரிசலின் சிறப்பு அதிலுள்ள களிமண் துகள்களின் அமைப்பில் இருக்கிறது. மாண்ட்மொரில்லோனைட் வகையைச் சேர்ந்த இக்களிமண், புத்தகத்தின் தாள்களைப் போல அடுக்கடுக்கான தகடுகளால் ஆனது. ஒவ்வொரு தகடும் மில்லிமீட்டரில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு கனமே இருக்கும். மழை பெய்தால் நீர் மூலக்கூறுகள் தகடுகளுக்கிடையே புகுந்து அவற்றை விலக்குகின்றன, மண் உப்புகிறது. கோடையில் நீர் வெளியேறும்போது மண் சுருங்கிப் பாளம் பாளமாக வெடிக்கிறது. மேல்மண் அவ்வெடிப்புகளுக்குள் உதிர்ந்து விழும். அடுத்த மழையில் மண் உப்பிப் புரளும். தன்னைத்தானே உழுதுகொள்ளும் மண் என்று இதனைச் சொல்வது இதனால்தான்.

ஒரு கணக்குப் போடுவோம். நல்ல கரிசல் ஒரு மீட்டர் ஆழத்தில், பயிருக்குப் பயன்படக்கூடிய நீராக ஏறத்தாழ 15 செ.மீ. உயர நீரைப் பிடித்து வைக்கும். ஓர் ஏக்கர் என்பது 4,047 சதுர மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 607 கன மீட்டர், அதாவது ஏறத்தாழ 6 லட்சம் லிட்டர்! 12,000 லிட்டர் கொள்ளும் லாரிகள் 50 கொண்டு வரவேண்டிய நீர் ஓர் ஏக்கர் மண்ணுக்குள் இருக்கிறது. மார்கழியோடு மழை நின்றாலும் பருத்தி மாசி, பங்குனி வரை உயிரோடு நிற்பது இந்தச் சேமிப்பினால்தான்.

பருத்தியும் ரயிலும்

இத்தகைய மண் நமக்கு மட்டும் உரியதன்று. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்திலும் இதே குணமுள்ள கரிசல் பட்டை ஒன்று உண்டு. அங்கும் பருத்தியே புகழ்பெற்ற பயிராயிற்று. 1861 முதல் 1865 வரை அந்நாட்டில் உள்நாட்டுப் போர் நடந்தபோது, இங்கிலாந்து ஆலைகளுக்கு அமெரிக்கப் பருத்தி வருவது தடைப்பட்டது. அவ்வாலைகள் இந்தியப் பருத்தியைத் தேடின. நெல்லைச் சீமைப் பருத்திக்கும் விலை ஏறியது.

ஆனால் மழை பெய்துவிட்டால் கரிசலில் மாட்டு வண்டிச் சக்கரம் அச்சுவரை புதைந்துவிடுமே! அந்தத் தடையை நீக்கியது இரும்புப் பாதை. மதுரையிலிருந்து கோவில்பட்டி வழியாகத் தூத்துக்குடித் துறைமுகம் செல்லும் ரயில்பாதை 1876-இல் திறக்கப்பட்டது. 1891-இல் கோவில்பட்டியில் நூற்பாலை எழுந்தது. 1901-இல் வேளாண்மை ஆராய்ச்சி நிலையம் தோன்றியது. பருத்தி, சோளம் முதலிய மானாவாரிப் பயிர்களில் புதிய ரகங்களை அது உருவாக்கிவருகிறது. மழைக்கு முன்பே காய்ந்த மண்ணில் விதைத்து முதல் மழையை வீணாக்காமல் பிடிக்கும் முறையையும் அது பரிந்துரைக்கிறது.

வறட்சி தந்த தொழில்

சிவகாசியைச் சேர்ந்த அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1922-இல் கல்கத்தா சென்று தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பினர். அத்தொழில் சாத்தூர், கோவில்பட்டிப் பக்கமும் பரவியது. பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்தில் தோய்த்த குச்சிகள் விரைவாக உலர வறண்ட காற்று வேண்டும். மழை பொய்த்த காலத்தில் வேலை தேடும் கைகளும் இங்கு நிறைய இருந்தன.

அக்கைகளுள் உங்களைவிட இளையவர்களின் கைகளும் இருந்தன என்பதை மறைக்கக் கூடாது. பள்ளிக்குப் போகவேண்டிய சிறுமியர் பலர் தீப்பெட்டி ஒட்டினர். 14 வயது நிறையாதவர்களைத் தீப்பெட்டித் தொழிலில் அமர்த்துவதை 1986-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்தது. அண்மையில் இத்தொழிலுக்கு மலிவான லைட்டர்கள் போட்டியாக வந்தன. 20 ரூபாய்க்குக் குறைந்த விலையுள்ள சிகரெட் லைட்டர்களின் இறக்குமதியை 2023-இல் மத்திய அரசு தடை செய்தது.

இன்று சீவலப்பேரியிலிருந்து தாமிரபரணி நீர் குழாய் வழியே கோவில்பட்டிக்கு வருகிறது. 2020-இல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டிக் கடலைமிட்டாயின் சுவைக்குக் கூறப்படும் காரணங்களுள் இந்நீரும் ஒன்று. குடிநீருக்குக் குழாய் வந்துவிட்டது. ஆனால் கரிசல் காட்டுப் பயிருக்குக் குழாய் இல்லை. கண்மாய்களைத் தூர்வாரிக் காப்பதும், வயலில் விழும் மழையை வரப்பிட்டு வயலிலேயே நிறுத்துவதுமே அதற்கு வழி.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள இரண்டு கண்ணாடிக் குவளைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் நன்கு காய்ந்து பொடியாக்கிய கரிசல் மண்ணையும், மற்றதில் அவ்வாறே பொடித்த செம்மண்ணையும் இரண்டு விரற்கடை உயரத்துக்கு இட்டு, வெளியே கோடு போடுங்கள். இரண்டிலும் நீரூற்றிக் கலக்கி, ஒரு நாள் அசைக்காமல் வையுங்கள். மறுநாள் எந்த மண் கோட்டைத் தாண்டி எவ்வளவு உயர்ந்திருக்கிறது என்று அளந்து குறியுங்கள். பிறகு நீரை வடித்து வெயிலில் உலர்த்தி, வெடிப்பு எதில் உண்டாகிறது என்றும் பாருங்கள். கரிசலில் கட்டிய வீட்டுச் சுவர் ஏன் விரிசல் விடுகிறது என்பதற்கும் இச்சோதனையிலேயே விடை கிடைக்கும்.