ஆங்கிலம் படிக்கப்போகும் கரவெட்டித் தங்கச்சிக்கு

அன்புள்ள தங்கச்சி,

உம்முடைய கடிதம் கிடைத்தது. கம்பஸில் ஆங்கில இலக்கியம் படித்து எழுத்தாளராக வர விருப்பம் என்று எழுதியிருந்தீர். "இங்கிலிசு படிச்சு என்ன செய்யப்போறாய்?" என்று அம்மா கேட்கிறாவாம். அவவில் பிழையில்லை. 2017 இல் வேலையற்ற பட்டதாரிகள் யாழ். கச்சேரிக்கு முன்னால் கொட்டில் போட்டுக் குந்தியிருந்ததைப் பார்த்த எந்தத் தாயும் அப்படித்தான் கேட்பா.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிக்கொள்ளும். ஆங்கிலம் பேசிப் பழகுவதற்காக இந்தப் பட்டத்தை எடுக்க வேண்டாம். அதற்கு நெல்லியடியில் ரியூசன் போதும். இது நாவலும் நாடகமும் கவிதையும் வாசித்து, வாசித்ததைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதுகிற படிப்பு. ஒரு நாவலை முடித்த பிறகும் அதைப் பற்றி யாரோடாவது வாதாட வேண்டும் போலிருந்தால், இது உமக்கான துறை.

இனி நடைமுறை. எந்தக் கம்பஸ் என்ன தகுதி கேட்கிறது, உயர்தரத்தில் ஆங்கிலத்தை ஒரு பாடமாக எடுத்திருக்க வேண்டுமா என்பதையெல்லாம் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் கைநூலில் இப்போதே பாரும். பெறுபேறு வந்த பிறகு பார்த்துப் பயனில்லை. சிறப்புப் பட்டத்துக்கு நாலு வருஷம். இசட் புள்ளி கைவிட்டால் திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஆங்கிலத்தோடு ஆங்கிலம் கற்பித்தலையும் சேர்த்துப் பட்டமாக எடுக்கலாம்.

நான் சொல்ல வந்தது இதற்கு மேலானது: ஆங்கிலம் படிக்கப் போகிற பிள்ளை தமிழை ஒருபோதும் கைவிடக் கூடாது.

உம்முடைய ஊரவரான கார்த்திகேசு சிவத்தம்பியையே எடுத்துக்கொள்ளும். விக்னேஸ்வராக் கல்லூரியில் படித்தவர். அவருடைய துறை தமிழ். ஆனால் பண்டைத் தமிழரின் நாடகம் பற்றிய கலாநிதிப் பட்ட ஆய்வை, பேர்மிங்ஹாமில் கிரேக்க இலக்கிய அறிஞர் ஜோர்ஜ் தொம்சனின் கீழ், ஆங்கிலத்தில்தான் எழுதினார். அதற்கு முன்னர் நாடாளுமன்றத்தில் உடனடி மொழிபெயர்ப்பாளராக வேலை பார்த்தார். இரண்டு மொழியும் கையில் இருந்தபடியால் கிடைத்த சம்பளம் அது. அம்மாவுக்கு இதைச் சொல்லிப் பாரும்.

மற்றப் பக்கத்திலிருந்து, ஆங்கிலத் துறையிலிருந்து, தமிழுக்கு வந்தவர்களும் இருக்கிறார்கள். ஏ. ஜே. கனகரட்னா யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். ஈழத்துத் தமிழ் வாசகர்களுக்கு உலக இலக்கியச் சிந்தனையைத் தன் மொழிபெயர்ப்புகளாலும் கட்டுரைகளாலும் கொண்டுவந்து சேர்த்தார். செல்வா கனகநாயகம் ரொறன்ரோவில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்துகொண்டு, ஈழத்துத் தமிழ் எழுத்தை ஆங்கிலத்தில் தொகுத்து 2001 இல் நூலாக்கினார். தமிழ் தெரியாத ஆங்கிலப் பேராசிரியர் எவராலும் அந்த வேலையைச் செய்திருக்க முடியாது.

சுரேஷ் கனகராஜா போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். 1999 இல் வந்த அவருடைய நூலில் ஓர் இடம் எனக்கு மிகவும் பிடிக்கும். 'அமெரிக்கன் கேர்ணல் லெசன்ஸ்' என்ற பாடநூலின் ஓரங்களில் எங்கள் பிள்ளைகள் கிறுக்கிவைத்த படங்களையும் தமிழ்க் குறிப்புகளையும் அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டார். வேறொருவர் என்றால் புத்தகத்தைப் பழுதாக்கியதற்கு ஏசியிருப்பார். எங்கோ அச்சடித்த பாடத்தை மாணவர்கள் தங்கள் உலகத்துக்குள் இழுத்துப்போட்டிருக்கிறார்கள் என்று அவர் கண்டார். சேக்ஸ்பியரை வாசிக்கும்போது நீரும் ஓரத்தில் தமிழில் எழுதும், வெட்கப்பட வேண்டாம்.

எழுத்தாளராவது பற்றியும் கேட்டிருந்தீர். எண்பதுகளின் யாழ்ப்பாணத்தைக் களமாகக் கொண்ட நாவலுக்கு 2024 இல் பிரித்தானியாவின் பெண்களுக்கான புனைவுப் பரிசைப் பெற்ற வி. வி. கணேசானந்தன் அமெரிக்காவில் வளர்ந்தவர். நல்ல நாவல்தான். கரவெட்டியில் வளர்ந்த பிள்ளை அதே காலத்தை எழுதினால் அது வேறொரு நாவலாக இருக்கும். யார் வீட்டுக் கிணற்றில் யார் அள்ளலாம், யார் அள்ளக்கூடாது என்று இருந்த ஊர்க்கணக்கெல்லாம் நீர் கேட்டு வளர்ந்த கதை. அதைப் பட்டம் தராது. எழுதும் பழக்கத்தை மட்டுந்தான் தரும்.

வேலைக்கும் வழி வைத்திரும். மொழியியலோ மொழிபெயர்ப்போ கிடைத்தால் சேர்த்து எடும். சிங்களமும் படியும். அரச மொழிபெயர்ப்பாளர் சேவை, நீதிமன்றத்துச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பு, ஆசிரியத் தொழில், பத்திரிகை எல்லாவற்றிலும் இரண்டு மொழியிலும் பிழையில்லாமல் எழுதுகிறவருக்கு இடமிருக்கும்.

சோதனை முடிந்ததும் உமக்குப் பிடித்த ஈழத்துச் சிறுகதை ஒன்றை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து எனக்கு அனுப்பும். எந்த வசனத்தில் தடக்குப்பட்டீர் என்பதையும் குறித்து அனுப்பும். அந்த வேலை அலுக்காவிட்டால், எந்தத் துறை என்ற கேள்விக்கு உம்மிடமே பதில் இருக்கும்.

அன்புடன்,
அண்ணா