சிறு சொற்கள், பெரும் பொறுப்பு

நாம் நாள்தோறும் பேசும் பேச்சில் ‘உம்’, ‘அல்லது’, ‘இல்லை’, ‘எனில்’ போன்ற சிறு சொற்கள் எத்தனை முறை வருகின்றன! எண்ணிப் பார்ப்பாரில்லை. ஆனால் தருக்கவியலில் இவற்றுக்குத் தனி இடம் உண்டு. கூற்றுகளைச் சேர்த்தும் மறுத்தும் புதிய கூற்றுகளை ஆக்கும் இவை தருக்க இணைப்பிகள் எனப்படும்.

இத்துறையில் உழைத்த அறிஞருள் ஒருவரான அகஸ்டஸ் டி மார்கன் 1806ஆம் ஆண்டு நமது மதுரையில் பிறந்தவர் என்பது நமக்கு மகிழ்ச்சி தரும் செய்தியாகும். குழந்தைப் பருவத்திலேயே இங்கிலாந்து சென்ற அவர், 1828இல் லண்டனில் கணிதப் பேராசிரியரானார். கணங்கள் பாடத்தில் நாம் மனப்பாடம் செய்யும் டி மார்கன் விதிகள் அவர் பெயரால் வழங்குபவையே.

‘அவள் ஆடவும் பாடவும் வல்லவள்’ என்னும் கூற்று மெய்யாக வேண்டுமாயின், இரு பகுதிகளும் மெய்யாக வேண்டும். அக்கூற்று பொய் என்று தெரிந்தால், ‘அவளுக்கு இரண்டுமே வராது’ என்று நாம் முடிவு கட்டிவிடுகிறோம். டி மார்கன் விதி அவ்வாறு கூறவில்லை. ஆட வராது அல்லது பாட வராது. இரண்டில் ஒன்றேனும் இல்லை என்பதே அதன் பொருள். தொடரிணைப்பில் இரண்டு சுவிட்சுகள் உள்ளன, விளக்கு எரியவில்லை. இரண்டையுமே போடவில்லை என்றா பொருள்? ஒன்றைப் போடாவிட்டாலே போதுமே! ‘உம்’ தொடரிணைப்பைப் போன்றது. ‘அல்லது’ பக்க இணைப்பைப் போன்றது. அமெரிக்கரான கிளாட் ஷானன் இவ்வுறவை 1938இல் வெளிவந்த தம் கட்டுரையில் விளக்கினார். கணிப்பொறியின் சுற்றுகள் இவ்வடிப்படையில்தான் அமைகின்றன.

இனி ‘எனில்’ என்பதைக் காண்போம். மழை பெய்தது எனில் மைதானம் நனைந்திருக்கும். மைதானம் நனைந்திருக்கிறது, ஆகவே மழை பெய்தது எனலாமா? தோட்டக்காரர் நீர் பாய்ச்சியிருக்கலாம் அல்லவா? மைதானம் நனையவில்லை எனில் மழை பெய்யவில்லை என்று மட்டுமே துணிந்து கூறலாம்.

மைதானத்தைப் பற்றித் தவறாக எண்ணினால் யாருக்கும் நட்டமில்லை. ஆனால் ஒரு வகுப்பில் பணம் காணாமற்போகிறது என்று வைத்துக்கொள்வோம். ‘எடுத்தவள் இடைவேளையில் வகுப்பறையில் இருந்திருப்பாள்; இவள் இருந்தாள்; ஆகவே இவளே எடுத்தாள்’ என்று நாலு பேர் பேசினால், ஒரு பெண்ணின் நற்பெயர் அன்றே போய்விடும். மழையைப் பற்றிச் செய்த அதே பிழைதான் இது. எடுத்தவள் அங்கே இருந்திருப்பாள். ஆனால் அங்கே இருந்தவர் எல்லாரும் எடுத்தவர் ஆகார்.

எனவே தோழியரே, ‘ஆகவே’ என்று சொல்லுமுன் சற்று நிற்போம். முன்னே கூறியவற்றிலிருந்து அம்முடிவு உண்மையிலேயே வருகிறதா என்று பார்ப்போம். தேர்வில் இப்பிழையால் போவது இரண்டு மதிப்பெண். வாழ்க்கையில் போவது பிறருடைய மானம்.