மிச்சம் பிற்பகலில், அதுவும் ஒரு சிரட்டை

கடுகண்ணாவைப் பக்கத்து வீடுகளில் மதியச் சமையல் முடிந்ததும் வாளியில் சேர்வது அநேகமாக இவைதான்: பால் பிழிந்த தேங்காய்ப்பூ, கோவாவின் மேலிலை, போஞ்சி நுனி, பலாச் சடை, நெத்தலித் தலை, பானையடிச் சோறு, சாயம் வடித்த தேயிலைத்தூள். கோழி வளர்க்கிறவர்களில் பலர் அதை அப்படியே கூட்டுக்குள் கொட்டிவிடுவார்கள். கோழியும் ஓடிவந்து கொத்தும். ஓடிவருவதை வைத்து அது நல்ல தீனி என்று முடிவு கட்ட வேண்டாம். ரெஜிபோம் பெட்டியையும் கோழி அதே ஆவலோடுதான் கொத்தும்.

2021இல் இலங்கையில் இரசாயன உரத்துக்குத் தடை வந்து சோள விளைச்சல் விழுந்தது. 2022இல் டொலர் இல்லாமல் தீவன விலை ஏறியது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதியாகும் நிலைக்கு நாடு வந்தது. அந்த அனுபவத்துக்குப் பிறகு நாலைந்து கோழி வைத்திருப்பவர்கள் மிச்சத்தை நம்ப நினைப்பதில் வியப்பில்லை. நம்பலாம், அளவோடு.

முட்டைக்கோழி ஒன்று நாளொன்றுக்கு 110 முதல் 120 கிராம் தீவனம் உண்ணும். அதில் நூற்றுக்கு 16 பங்காவது புரதமும், மூன்றரைப் பங்குக்குக் குறையாமல் கல்சியமும் இருந்தால்தான் முட்டை தொடர்ந்து வரும். மரக்கறிக் கழிவிலோ பெரும்பகுதி தண்ணீர். விடிந்ததும் அதைத் தின்று தீனிப்பை நிரம்பிய கோழி, தீவனத்தைச் சரியாகத் தொடாது. சில நாளில் முட்டை குறையும், ஓடு மெலியும். இரண்டாம் உலகப் போரின்போது பிரித்தானியாவில் வீட்டில் கோழி வளர்த்தவர்கள் தங்கள் முட்டைப் பங்கீட்டை விட்டுக்கொடுத்தால், மிச்சத்தோடு கலந்து போட அரசு தீவன மாவு கொடுத்தது. அந்த நெருக்கடியிலும் மிச்சம் மட்டுமே தீனி என்று விட்டுவிடவில்லை.

ஆகவே காலையில் தீவனம், பிற்பகல் மூன்று மணிக்குப் பிறகு மிச்சம். ஐந்து கோழிக்கு ஒரு சிரட்டை நிறையப் போதும். அரை மணி நேரத்தில் தின்று தீர்க்காவிட்டால் மறுநாள் குறையுங்கள். தோட்டமெல்லாம் கிளறிப் புழு பூச்சி தேடும் ஊர்க்கோழிக்கு இந்தக் கணக்கைக் கொஞ்சம் தளர்த்தலாம். கூட்டுக்குள்ளேயே நிற்கும் பண்ணை இனத்துக்கு வேண்டாம்.

முதல் வேலை அடுப்படியில். வாளியை இரண்டாக்குங்கள்: ஒன்று கோழிக்கு, மற்றது பசளைக் குழிக்கு. தேயிலைத்தூளும் கோப்பித்தூளும் குழிக்கே போகட்டும். அவற்றில் மிஞ்சியிருக்கும் கஃபீன் கோழிக்கு ஆகாது. கண்டிப் பக்கத் தோட்டங்களில் தாராளமாகக் காய்க்கும் ஆனைக்கொய்யாவின் தோலும் கொட்டையும் பறவைகளின் இதயத்தைப் பாதிக்கும் நஞ்சுள்ளவை. கீழே விழுந்து கிடக்கும் பழத்தையும் கோழி போகும் இடத்திலிருந்து பொறுக்கிவிடுங்கள். பச்சை மரவள்ளித் தோல், பச்சை நிறம் பிடித்த உருளைக்கிழங்கு, வேகாத போஞ்சி விதை, ஊறுகாய், உப்புக் குழம்பு எல்லாமே குழிக்குத்தான். வெங்காயத் தோல் ஒன்றிரண்டு விழுந்தால் பதற வேண்டாம், கைநிறையப் போடாமலிருந்தால் சரி. கடைக் கோழி இறைச்சியின் கழிவை மட்டும் ஒருபோதும் போடாதீர்கள், நோய் அந்த வழியாக வரும். பிரித்தானியாவில் இன்று வீட்டுச் சமையலறை மிச்சத்தைக் கோழிக்குப் போடுவதே சட்டப்படி தடை. 2001இல் அங்கே கால்நடைகளிடையே கால்-வாய் நோய் பரவியதன் விளைவு அது.

கோழி வாளியில் சேர்ந்ததையும் கொஞ்சம் பக்குவப்படுத்த வேண்டும். நெத்தலித் தலை நல்ல புரதம், ஆனால் உப்பு. இரவு ஊறவைத்து, தண்ணீரைக் கொட்டி, அவித்துக் கொடுங்கள். அதுவும் ஒரு கோழிக்கு இரண்டு மூன்று தலைதான், இல்லாவிட்டால் முட்டையில் மீன் வாடை அடிக்கும். பலாக்கொட்டையைப் பச்சையாகப் போட்டால் அதிலுள்ள பொருளொன்று புரதம் செரிப்பதைத் தடுக்கும். அவித்து நசுக்குங்கள். கங்குங் தண்டு, வாழைப்பழத் தோல் போன்ற நார்ப் பொருள்களை விரல்நுனி அளவுக்கு நறுக்காவிட்டால் தீனிப்பையில் சிக்கிக்கொள்ளும். கங்குங் இலையையும் முருங்கை இலையையும் கட்டித் தொங்கவிட்டால் கோழி எட்டிக் கொத்தும், மஞ்சள் கருவும் நிறம் பிடிக்கும். முட்டைக்கோதை வெறும் சட்டியில் வறுத்து, முட்டை என்று அடையாளம் தெரியாதபடி பொடியாக்குங்கள். ஓடு பெரும்பாலும் சுண்ணாம்பு என்பதால் அதைவிட மலிவான கல்சியம் கிடையாது. முழுசாகப் போட்டால் கோழி தன் முட்டையையே உடைத்துத் தின்னப் பழகிவிடும்.

தேங்காய்ப்பூவைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், நம் வாளியில் அதுதான் அதிகம். பால் பிழிந்த பிறகும் எண்ணெய் மிஞ்சியிருக்கும், புரதம் சொற்பம். அன்றே போட்டால் தீனி, மறுநாள் காறல். வெயில் வந்தால் தகரத்தில் பரப்பிக் காயவைத்துத் தவிட்டோடு கலக்கலாம். ஒக்டோபர், நவம்பர் மழையில் அந்த யோசனையே வேண்டாம். ஈரக் காற்றில் தேங்காய்ப்பூவும் பாணும் சோறும் ஓரிரு நாளில் பூஞ்சணம் பிடிக்கும். சில பூஞ்சணங்களின் நஞ்சு கோழியின் ஈரலைக் கெடுக்கும், மேலே சுரண்டியெடுத்தாலும் போகாது. பூஞ்சணம் கண்டால் யோசிக்காமல் குழியில் போடுங்கள்.

தரையில் கொட்டாமல், கூரைக்குக் கீழே அகன்ற தட்டில் வையுங்கள். திறந்த வெளியில் வைத்தால் முதல் பந்திக்குக் குரங்கு வந்துவிடும். ஐந்து மணிக்குத் தட்டை எடுத்துக் கழுவிவிட வேண்டும். இரவில் கிடக்கும் மிச்சத்துக்கு எலி வரும், எலியின் சிறுநீரோடு எலிக்காய்ச்சல் வரும். அது உங்களுக்கான ஆபத்து. எலியைத் தேடி வரும் பாம்பைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. அழுகியதில் புழு நெளிந்தால் அது இலவசப் புரதம் என்று நினைக்காதீர்கள். அழுகலில் உண்டாகும் நஞ்சை அந்தப் புழுக்கள் சுமந்திருந்தால் கோழியின் கழுத்து துவண்டு, செத்தும்போகும்.

புதிதாக எதையாவது போட்ட மறுநாள் எச்சத்தைப் பாருங்கள். தண்ணீராகப் போனால், அல்லது முட்டை ஓடு மெலிந்தால், மிச்சத்தை நிறுத்தித் தீவனமும் தண்ணீரும் மட்டும் கொடுங்கள். இரண்டு நாளில் திருந்தாவிட்டால் பிரதேச அரச மிருக வைத்தியரிடம் காட்டுங்கள். பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடமும் தூரமில்லை. போகும்போது எச்சத்தைச் சிறு போத்தலில் எடுத்துக்கொள்ளுங்கள், கடைசி மூன்று நாளில் என்னென்ன போட்டீர்கள் என்பதையும் எழுதிக்கொண்டு போங்கள்.