துப்பாக்கி இரும்பு என்ற பேச்சை விடுங்கள்

"புல்லட் துப்பாக்கி கம்பெனி வண்டி சார். அதோட பேரலே துப்பாக்கி இரும்பு. எவ்வளவு அடிச்சாலும் தாங்கும்."

வடசென்னையில் ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை எந்தப் பட்டறையில் நின்றாலும் இந்தப் பேச்சு காதில் விழுகிறது. பேச்சோடு நின்றால் பரவாயில்லை. சொல்பவர் கையில் சம்மட்டி இருக்கிறது. எதிரே மிலிட்டரி டிஸ்போசலில் வந்த பழைய 350 புல்லட் எஞ்சின், துருப்பிடித்து இறுகிப்போன பேரலோடு, அதாவது பிஸ்டன் ஓடும் சிலிண்டரோடு, உட்கார்ந்திருக்கிறது. இரண்டு அடி விழுந்ததும் ஃபின் தெறிக்கிறது. நாலாவது அடியில் அடிப்பக்கம் விரிசல் விடுகிறது. அதற்குப் பிறகு "இரும்பு பழசாயிடுச்சு" என்று பழியை இரும்பின் மேல் போட்டுவிட்டு, பழைய பாகங்கள் விற்கும் புதுப்பேட்டைக்கு ஆள் அனுப்பி வேறு பேரல் தேடுகிறார்கள். உலோகவியல் படித்து, வார்ப்பிரும்போடு காலம் கழித்தவன் என்ற முறையில் இதைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

நம்பிக்கை: புல்லட் பேரல் துப்பாக்கி இரும்பில் ஆனது, அடி தாங்கும்.

உண்மை: முதலில் வரலாறு. புல்லட்டைச் செய்யும் ராயல் என்ஃபீல்டு துப்பாக்கித் தொழிற்சாலை அல்ல. இங்கிலாந்தின் ரெட்டிச் என்ற ஊரில், ஊசி செய்யும் தொழிலில் தொடங்கி சைக்கிளுக்கு மாறிய கம்பெனி அது. லண்டனின் வடக்கே என்ஃபீல்டு என்ற இடத்தில் பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை தனியாக இருந்தது. லீ-என்ஃபீல்டு ரைபிளுக்குப் பெயர் கொடுத்தது அந்த ஊர்தான். ரெட்டிச் கம்பெனிக்கு 1890களில் அந்தத் தொழிற்சாலைக்கு நுட்பமான உதிரிபாகங்கள் செய்து தரும் ஒப்பந்தம் கிடைத்தது. அந்தப் பெருமையில் தன் சைக்கிளுக்கு என்ஃபீல்டு என்று பெயர் வைத்தது. துப்பாக்கியைப் போலத் தயாரிக்கப்பட்டது என்ற விளம்பர வாசகமும் பீரங்கிச் சின்னமும் அப்படி வந்தவை. முதல் மோட்டார் சைக்கிள் 1901-ல்தான் வந்தது. விளம்பர வாசகத்தை உலோகப் பரிசோதனைச் சான்றிதழாக எடுத்துக்கொள்வது எந்த ஊர் அறிவு?

நம் ஊர்க் கதையும் அதேதான். 1950களில் இந்திய ராணுவம் 350 புல்லட்டைத் தேர்ந்தெடுத்தது. 1955-ல் மெட்ராஸ் மோட்டார்ஸ், ரெட்டிச் கம்பெனியோடு சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கியது. திருவொற்றியூரில் ஆலை எழுந்தது. முதலில் இங்கிலாந்திலிருந்து வந்த பாகங்களைப் பூட்டினார்கள். பிறகு முழு வண்டியையும் இங்கேயே செய்தார்கள். ராணுவம் வாங்கியது மோட்டார் சைக்கிளைத்தான். வாங்கியவர் ராணுவம் என்பதால் இரும்பின் குணம் மாறிவிடாது.

இப்போது உலோகத்துக்கு வருவோம். ரைபிளின் குழல் உருக்கு. .303 ரவை வெடிக்கும்போது அதற்குள் சதுர அங்குலத்துக்கு 45,000 பவுண்டு அளவில் அழுத்தம் எழும். அதைத் தாங்க வேண்டுமானால் இழுத்தாலும் கிழியாத உலோகம் வேண்டும். புல்லட் எஞ்சினுக்குள் எழும் அழுத்தம் சில நூறு பவுண்டுதான். அதற்கு வார்ப்பிரும்பே போதும். பழைய புல்லட்டின் பேரல் வார்ப்பிரும்பில் ஆனது. வார்ப்பிரும்பில் கிட்டத்தட்ட 3 சதவீதம் கார்பன் இருக்கும். அதில் பெரும்பகுதி கிராஃபைட் செதில்களாக உள்ளே பரவிக் கிடக்கும். அந்தச் செதில்கள் உராய்வைக் குறைப்பதால்தான் பிஸ்டன் ஓட அது நல்ல உலோகம். அதே செதில்கள்தான் விரிசலுக்கும் வழி. அமுக்கினால் தாங்கும், இழுத்தாலோ, வளைத்தாலோ, சட்டென்று அடித்தாலோ வளையாமல் உடையும். ஃபின்னுக்கு அடியில் உளியைச் செருகி நெம்புகிறவர் வார்ப்பிரும்பின் பலவீனமான இடத்தைத் தேடிப் பிடித்து நெம்புகிறார். புஷ்ராடு ஓடும் குழாய்களும் அந்த வார்ப்புக்குள்ளேயே இருக்கின்றன. அந்தப் பக்கம் விரிசல் விட்டால் பேரல் காயலான் கடைக்குத்தான்.

அசல் ரைபிள் குழலைக் கழற்றுவது பற்றி யாராவது ஒப்பிட்டுப் பேசினால் அதையும் நிறுத்தச் சொல்லுங்கள். 1959-ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இருக்கும் நாட்டில் ராணுவத்தின் பழைய ரைபிள் நம் பட்டறை மேசைக்கு வராது. அதை உரிமம் பெற்ற படைக்கலத் தொழிலாளி பார்த்துக்கொள்வார். அவரும் சம்மட்டியால் அடித்துக் கழற்றுவதில்லை. குழலை அளவான பிடியில் இறுக்கி, உடலை அதற்கென்று செய்த சாவியால் திருகித்தான் கழற்றுவார்.

நம்பிக்கை: கேஸ் டார்ச் வைத்துச் சிவக்கக் காய்ச்சினால் எதுவும் கழன்று வரும்.

உண்மை: எங்கே காய்ச்சுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. பேரலின் அடிக்கழுத்து கிராங்க் கேஸின் வாய்க்குள் இறங்கி நிற்கிறது. கழுத்து இரும்பு, வாய் அலுமினியம். சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு விரியும். 80 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள பொருத்தில் 100 டிகிரி சூடு ஏறினால் இடைவெளி 0.09 மில்லிமீட்டர் அளவுக்குக் கூடும். அந்த இடத்தில் மிதமான சூடு உதவும். சுடுகாற்று ஊதும் கருவியே போதும்.

பிஸ்டன் விஷயத்தில் கணக்கு தலைகீழ். அங்கே உள்ளே இருப்பது அலுமினியம், வெளியே இருப்பது இரும்பு. இரண்டும் சேர்ந்து சூடேறினால் பிஸ்டன் அதிகமாக விரிந்து இன்னும் இறுகும். ஒரே எஞ்சினில் ஒரே நெருப்பு ஓர் இடத்தில் தளர்த்துகிறது, இன்னோர் இடத்தில் பூட்டுகிறது. இது தெரியாமல் டார்ச்சைக் கையில் எடுப்பது அநியாயம்.

சிவக்கும் வரை காய்ச்சுவது அதைவிட மோசம். அலுமினியம் சிவந்து காட்டி எச்சரிக்காது. தூய அலுமினியம் 660 டிகிரியில் உருகும், வார்ப்புக் கலவைகள் அதற்கும் கீழே. நிறம் மாறும் என்று காத்திருப்பவர் கண் முன்னால் கிராங்க் கேஸ் வாய் சரிந்து விழும். வார்ப்பிரும்பையும் ஒரு பக்கம் மட்டும் காய்ச்சினால் விரிசல் விடும். காய்ச்சிய சூட்டோடு தண்ணீர் ஊற்றுகிறவர்களிடம் நான் பேசுவதற்கு ஒன்றுமில்லை.

பேரல் ஏன் இறுகுகிறது?

திருவொற்றியூர், காசிமேடு காற்றில் உப்பு இருக்கிறது. காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானாக நீரை இழுத்துக் கரைசலாகிவிடும். நம் கடற்கரையில் பல இரவுகளில் அந்த ஈரம் உண்டு. இரும்பும் அலுமினியமும் தொட்டு நிற்கும் இடத்தில் உப்பு நீர் புகுந்தால் அது மின்கலம் போல வேலை செய்து அலுமினியத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்குகிறது. பிஸ்டன் வளையங்கள் பேரல் சுவரைத் தொடும் இடத்தில் துருப் பிடிக்கிறது. துரு அது அரித்த இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேலான இடத்தை அடைத்துக்கொள்ளும். இடுக்கில் அப்படிப் பருத்த பொடிதான் பிடித்துக்கொண்டிருக்கிறது. பொடியைக் கரைத்து, நனைத்து, அசைத்து விடுவிக்க வேண்டும். ஓங்கி அடித்தால் வார்ப்பிரும்புதான் உடையும்.

சரியான வழி

முதலில் எல்லா நட்டும் கழன்றுவிட்டதா என்று பாருங்கள். டேப்பட் கவரைத் திறந்தால் உள்ளே பேரலைப் பிடித்திருக்கும் நட் ஒன்று மறைந்திருக்கும். அதை விட்டுவிட்டு மேலே இருப்பதை மட்டும் கழற்றி, "பேரல் இறுகிடுச்சு" என்று அடிப்பவர்கள்தான் அதிகம்.

பிஸ்டன் இறுகியிருந்தால் ஹெட்டைக் கழற்றுவதற்கு முன் யோசியுங்கள். ஹெட் இருந்தால்தான் கீழே சொல்லும் கிரீஸ் வழி நடக்கும். ஸ்பார்க் பிளக் துளை வழியாக ஊடுருவும் எண்ணெய் ஊற்றி ஒரு வாரமாவது ஊற விடுங்கள். தினமும் கொஞ்சம் சேருங்கள். பிறகு டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல ஆட்டுங்கள். கிக்கர் மேல் ஏறிக் குதிக்காதீர்கள். கிக்கர் பற்கள்தான் போகும்.

அசையவில்லையா? பழைய பிளக்கின் உடலில் கிரீஸ் நிப்பிளை பிரேசிங் செய்து வாங்குங்கள். இரண்டு வால்வும் மூடியிருக்கும்படி புஷ்ராடுகளைக் கழற்றிவிட்டு, கிரீஸ் கன்னால் உள்ளே கிரீஸ் ஏற்றுங்கள். பிஸ்டன் அடிமட்டத்தில் நிற்காதவரை அந்த அழுத்தம் அதை நேராகக் கீழே தள்ளும். கிரீஸ் காற்றைப் போலச் சுருங்கி விரியாது. அதனால் பிஸ்டன் அசைந்த கணமே அழுத்தம் இறங்கிவிடும். கம்ப்ரஸர் காற்றை மட்டும் ஒருபோதும் ஏற்றாதீர்கள். அது சுருங்கி நின்று திடீரென்று விடுபடும், கை போகும்.

ஹெட் ஏற்கெனவே கழன்றிருந்தால் கடினமான மரக்கட்டையை 70 மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாக லேத்தில் கடைந்து பிஸ்டன் தலையில் பொருத்தி மெல்லத் தட்டுங்கள். பேரல் கழுத்து மட்டும் பிடித்திருந்தால், கிராங்க் கேஸ் வாயைச் சுற்றி மிதமாகச் சூடேற்றி, ரப்பர் சுத்தியலால் சுற்றிவரத் தட்டி, இரண்டு பக்கமும் சமமாகத் தூக்குங்கள்.

இன்னும் சில பேச்சுகள்

"டபிள்யூடி-40 அடிச்சா போதும்." 1953-ல் அமெரிக்காவில் அதைச் செய்தது ஈரத்தை விரட்டி உலோகத்தைக் காக்க. அட்லஸ் ஏவுகணையின் வெளித்தோலில் துருப்பிடிக்காமல் இருக்கப் பயன்பட்டது. பல வருடம் இறுகியதைத் தளர்த்த ஊடுருவும் எண்ணெய் வேறு இருக்கிறது.

"கோலாவை ஊத்து." அதிலுள்ள சிறிதளவு அமிலம் மேல் துருவை மெல்லக் கரைக்கும். சர்க்கரையும் தண்ணீரும் எஞ்சினுக்குள் தங்கிவிடும். வேண்டாம்.

"காஸ்டிக் சோடா பிஸ்டனைக் கரைச்சிடும்." கரைக்கும். கிராங்க் கேஸையும் கரைக்கும், தெறித்தால் கண்ணையும் எரிக்கும்.

"எல்லாத்துக்கும் ஒரே ஸ்பேனர்." பழைய எஞ்சின்களில் பிரிட்டிஷ் அளவு நட்டுகள் நிறைய. மில்லிமீட்டர் ஸ்பேனரைத் திணித்தால் முனை மழுங்கும். பொருந்தும் ரிங் ஸ்பேனரை வாங்குங்கள்.

"பேரலை மாத்தினா ஆர்டிஓ-வில் பிரச்சினை." எஞ்சின் எண் கிராங்க் கேஸில் இருக்கிறது, பேரலில் இல்லை. பத்திரமாக வைக்க வேண்டியது கிராங்க் கேஸை. அதன் மேல் டார்ச் காட்டுகிறவர்களுக்கு இதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

மழை வெள்ளத்துக்குப் பிறகு

2015 வெள்ளத்திலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் வடசென்னையில் எத்தனையோ வண்டிகள் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் கிக் அடித்துப் பார்ப்பதுதான் முதல் தவறு. பிளக்கைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றுங்கள், எண்ணெயை மாற்றுங்கள், பேரலுக்குள் எஞ்சின் ஆயில் விட்டுக் கையால் சுழற்றுங்கள். இதை அன்றே செய்தால் பேரல் இறுகாது. ஒரு மாதம் கழித்துச் செய்தால் மேலே சொன்ன எல்லா வேலையும் வரும். ஓடாமல் நிறுத்தி வைக்கும் வண்டிக்கும் இதே கவனிப்பு வேண்டும்.

கடைசியாக, என் மனதில் அதிகம் கனக்கும் விஷயம். பிளக்கில் நிப்பிள் பொருத்தவும், மரக்கட்டையை அளவாகக் கடையவும், விரிசல் விட்ட வார்ப்பிரும்பை முறையாக வெல்டிங் செய்யவும் தெரிந்த லேத் பட்டறைகள் காலடிப்பேட்டையிலும் ராயபுரத்திலும் இன்னும் இருக்கின்றன. ஆனால் அங்கே கற்றுக்கொள்ள வரும் பையன்கள் குறைந்துவிட்டார்கள். ஐ.டி.ஐ. முடித்தவனுக்கு அளக்கத் தெரிகிறது. இறுகிப் பிடித்த பாகத்தைக் கையால் உணர்ந்து கழற்றக் கற்றுத்தர ஆளில்லை. அந்தப் பட்டறைகளுக்கு வேலையும் நியாயமான கூலியும் கொடுங்கள். பேரம் பேசி அவர்களை மூடவைத்துவிட்டு, நாளை பேரல் கழற்ற ஆளில்லை என்று புலம்ப வேண்டாம்.

1967-ல் ரெட்டிச் ஆலை மூடப்பட்டது. பழைய வார்ப்பிரும்பு எஞ்சின் இப்போது தயாரிப்பிலும் இல்லை. நல்ல நிலையில் இருக்கும் ஒவ்வொரு பேரலும் எண்ணி வைக்க வேண்டிய சரக்கு. அதன் எதிரே சம்மட்டியோடு ஒருவர் நின்றால், வண்டி உங்களுடையது, தடுக்கும் உரிமையும் உங்களுடையது. எண்ணெய் ஊற்றி ஒரு வாரம் பொறுக்கச் சொல்லுங்கள்.