வேலை போனா காசு வருமா?

பிளேஸ்மென்ட் சீசன்ல நாம எல்லாரும் பார்க்கிறது ஒரே நம்பர்தான்: சிடிசி. சம்பளத்துல என்னென்ன பிடிக்கிறாங்க என்ற பகுதியை யாரும் பொறுமையா படிக்கிறதில்லை. நானும் படிச்சதில்லை, எங்க பெரியம்மா பையன், அண்ணனுக்கு வேலை போகிற வரைக்கும்.

அண்ணன் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் ஒரு உதிரிபாகத் தொழிற்சாலையில் குவாலிட்டி பிரிவில் இருந்தார். மாசம் 18,000 ரூபாய், இரண்டரை வருஷ சர்வீஸ். ஒருநாள் ஹெச்.ஆர். கூப்பிட்டு, "ஆர்டர் இல்லை தம்பி. நீங்களே ரிசைன் லெட்டர் எழுதிக் கொடுத்துட்டா எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட் நல்லபடியா வந்துடும்" என்றிருக்கிறார். அண்ணனும் எழுதிக் கொடுத்துட்டார். அந்தத் தாளோட விலை என்னன்னு அப்போ அவருக்குத் தெரியாது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாசம் 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவர்கள் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வருவார்கள். நம்ம சம்பளத்தில் 0.75 சதவீதம், நிறுவனம் தன் பங்காக 3.25 சதவீதம். அண்ணனுக்கு மாசம் 135 ரூபாய் பிடித்தம், நிறுவனம் கட்டியது 585. 'மருந்து மாத்திரைக்கு' என்றுதான் வீட்டில் எல்லாரும் நினைச்சிருந்தோம். ஆனா அதே இ.எஸ்.ஐ.யில், வேலை இழந்தவர்களுக்கான 'அடல் பீமித் வியக்தி கல்யாண் யோஜனா' என்ற திட்டமும் இருக்கு. பெயரைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். 2018 ஜூலை 1-ல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, அப்புறம் நீட்டித்துக்கொண்டே வந்திருக்காங்க. முதலில் தினசரி சராசரிச் சம்பளத்தில் 25 சதவீதம் கொடுத்தாங்க. கொரோனா காலத்தில் அது 50 ஆச்சு. அதிகபட்சம் 90 நாள், அதுவும் வாழ்நாளில் ஒருமுறைதான்.

சராசரி எப்படி வருது? கடைசி நான்கு சந்தா காலங்களில், அதாவது இரண்டு வருஷத்தில், வாங்கிய மொத்தச் சம்பளத்தை 730-ஆல் வகுக்கணும். அண்ணனுக்கு 4,32,000-ஐ வகுத்தா நாளுக்குச் சுமார் 592 ரூபாய். அதில் பாதி 296. தொண்ணூறு நாளுக்குச் சுமார் 26,600 ரூபாய். பெரிய பணமில்லை. ஆனா மூணு மாச ரூம் வாடகையும் மெஸ் பில்லும் அதில் ஓடியிருக்கும்.

நிபந்தனைகள் இருக்கு. குறைந்தது இரண்டு வருஷம் இ.எஸ்.ஐ. வரம்புக்குள் வேலை பார்த்திருக்கணும். வேலை போவதற்கு முந்தைய சந்தா காலத்தில் 78 நாளாவது சந்தா கட்டியிருக்கணும். அதற்கு முன்னாலுள்ள மூன்றில் ஏதாவது ஒன்றிலும் 78 நாள் இருக்கணும். (ஏப்ரல்–செப்டம்பர் ஒரு சந்தா காலம், அக்டோபர்–மார்ச் இன்னொன்று.) ஒழுங்கு நடவடிக்கையில் நீக்கப்பட்டவர், வயது முடிந்து ஓய்வு பெற்றவர், விருப்ப ஓய்வு வாங்கியவர் கேட்க முடியாது. ஆதாரும் வங்கிக் கணக்கும் இ.எஸ்.ஐ. பதிவோடு இணைஞ்சிருக்கணும். வேலை போய் 30 நாள் கழிச்சு விண்ணப்பிக்கலாம். நிறுவனத்தின் வழியாகப் போக வேண்டியதில்லை, நேரா கிளை அலுவலகத்திலேயே கொடுக்கலாம்.

அண்ணன் மாட்டினது எங்கேன்னா, நிறுவனம் மாசாமாசம் இ.எஸ்.ஐ. தளத்தில் சந்தா விவரம் ஏற்றும். அதில் ஒருத்தருக்கு வேலை நாள் பூஜ்யம் என்றால் காரணம் தேர்ந்தெடுக்கணும். 'வேலையை விட்டார்' ஒரு காரணம், 'ஆட்குறைப்பு' இன்னொரு காரணம். ரிசைன் லெட்டர் கையில் இருக்கும்போது கிளார்க் எதை கிளிக் பண்ணுவார்? "நீங்களா விட்டீங்களா, அனுப்பினாங்களா?" என்று கிளை அலுவலகத்தில் கேட்டப்போ, அண்ணன் கையில் அனுப்பினதுக்கு ஒரு வாட்ஸ்அப் மெசேஜ்கூட இல்லை.

அதனால, யாராவது உங்களை எழுதிக் கொடுக்கச் சொன்னா, உடனே பேனாவை எடுக்காதீங்க. "ஆர்டர் இல்லாததால் நிறுத்துகிறோம்" என்பதை மெயிலில் கேளுங்க. தர மாட்டேன்னு சொன்னா, "இன்று நீங்கள் சொன்னபடி" என்று ஆரம்பிச்சு நீங்களே ஒரு மெயில் அனுப்பி வையுங்க. சம்பள சீட்டுகளைக் கம்பெனி மெயிலில் விட்டுட்டு வராதீங்க, கடைசி நாள் சாயங்காலம் அந்த மெயில் திறக்காது.

இதில் நம்ம செட்டுக்கு ஒரு கசப்பு இருக்கு. மாசம் 25,000, 30,000-க்குச் சேருகிறவர்கள் இ.எஸ்.ஐ.க்கு வெளியே. 18,000-க்குச் சேர்ந்து பதினாலாவது மாசம் வேலை போனவரும் வெளியே. சரி, மாநில அரசு வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிஞ்சவங்களுக்கு உதவித்தொகை கொடுக்குதேன்னு போனா, பதிஞ்சு ஐந்து வருஷம் ஆகியிருக்கணும். பட்டதாரிக்கு மாசம் 600 ரூபாய். அதுவும் பொறியியல் மாதிரி தொழிற்பட்டம் படிச்சவங்களுக்குக் கிடையாது! பி.ஏ. படிச்ச பக்கத்து வீட்டுக்காரருக்கு உண்டு, நமக்கு இல்லை.

மிஞ்சுறது பி.எஃப். அது உதவித்தொகை இல்லை, நம்ம சேமிப்புதான். எடுக்கணும்னா வேலையை விட்ட தேதி அந்தத் தளத்தில் பதிவாகியிருக்கணும். நிறுவனம் இழுத்தடிச்சா, இரண்டு மாசம் கழிச்சு நாமே பதியலாம். இது பலருக்குத் தெரியாம ஹெச்.ஆர். பின்னாடியே அலையறாங்க.

அண்ணனுக்கு ஒன்றரை மாசத்தில் வேற வேலை கிடைச்சுது. இ.எஸ்.ஐ. அலைச்சலை அத்தோட விட்டுட்டார். புது இடத்தில் சேரும் ஃபார்மில் "முன்பே இன்சூரன்ஸ் எண் உண்டா?" என்ற கட்டம் வந்தப்போ மட்டும், பழைய சீட்டைத் தேடி எடுத்து அதே எண்ணை எழுதினார். அந்த இரண்டரை வருஷமும் அந்த எண்ணில்தான் இருக்கு.