புள்ளியும் கொமாவும் இடம் மாறும் நாடு



ஊரில் பல வருடம் கணக்குப் படிப்பித்தவள் நான். ஜேர்மனிக்கு வந்த புதிதில் எனக்கே இலக்கங்களை வாசிக்கத் தடுமாற்றமாக இருந்தது. அதனால் வெட்கப்படாமல் வாசியுங்கோ.

ஆயிரத்து இருநூற்றைம்பது ரூபாய் ஐம்பது சதத்தை ஊரில் 1,250.50 என்று எழுதுவோம். இங்கே அதே தொகை 1.250,50. ஆயிரத்தைப் பிரிப்பது புள்ளி, சதத்தைப் பிரிப்பது கொமா. பிரான்சில் 1 250,50 என்று இடைவெளி விடுவார்கள். சுவிஸில் 1'250.50 என்று மேலே ஒரு சின்னக் கோடு போடுவார்கள். அங்கிருக்கிற சொந்தக்காரர் அனுப்பும் பற்றுச்சீட்டைப் பார்த்துக் குழம்ப வேண்டாம்.

கடையில் பிழை வந்தால் காசாளர் திருத்துவார். இணையத்தில் காசு அனுப்பும்போது திருத்த ஆள் இல்லை. எங்களிடம் வந்த ஒரு தம்பி, வங்கிப் பக்கத்தில் நாற்பத்தைந்து யூரோ ஐம்பது சதம் அனுப்ப 45.50 என்று அடித்தார். அந்தப் பக்கம் புள்ளியை விழுங்கிவிட்டது. உறுதிசெய்யும் இடத்தில் 4.550,00 என்று நின்றது. டான் இலக்கம் போட முதல் கண்ணில் பட்டதால் தப்பினார். சில பக்கங்கள் புள்ளியை ஏற்காமல் பிழை என்று காட்டும், அது நல்லது. விழுங்குகிற பக்கம்தான் ஆபத்து. நீங்கள் 45,50 என்றே அடியுங்கோ. பிறகு, கடைசியாகக் காட்டும் தொகையை வாய்விட்டு ஒருமுறை வாசித்த பிறகுதான் டான் இலக்கத்தைப் போடுங்கோ.

உங்கள் போன் ஆங்கிலத்தில் இருந்தால் அதிலுள்ள கணிப்பான் பெரும்பாலும் ஊர் முறையிலேயே காட்டும். அதைப் பார்த்து அப்படியே வங்கிப் பக்கத்தில் எழுதாதீர்கள்.

இதைவிடப் பெரிய விசயம் இலட்சம். ஜேர்மன் மொழியில் இலட்சம் என்று ஒரு சொல் இல்லை. தஞ்ச விசாரணையில் ஏஜென்சிக்கு எவ்வளவு கொடுத்தீர்கள் என்று கேட்பார்கள். பதினைந்து இலட்சத்தை நாங்கள் சிலர் 15,00,000 என்று எழுதுவோம். இங்குள்ளவருக்கு அது விளங்காது. 15,00 வரை பார்த்துப் பதினைந்து என்று எடுத்தாலும் எடுப்பார். இங்கத்தைய எழுத்தில் அது 1.500.000, சொல்லில் 1,5 மில்லியன். பூச்சியம் ஒன்று கூடினாலும் குறைந்தாலும் நீங்கள் பொய் சொன்னதுபோல ஆகிவிடும். ஆகவே தொகையோடு இலங்கை ரூபாயா யூரோவா என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கோ. விசாரணை முடிந்ததும் பதிவை உங்களுக்குத் தமிழில் வாசித்துக் காட்டுவார்கள். களைப்பாக இருந்தாலும் இலக்கம் வரும் இடத்தில் மொழிபெயர்ப்பாளரை நிறுத்தி, எத்தனை பூச்சியம் என்று கேளுங்கோ. பிழை என்றால் திருத்தி எழுதிய பிறகு கையெழுத்து வையுங்கோ.