மாடிப்படி முதல் திருப்பத்தில் அறுகிற அழைப்பு

வைஃபை நன்றாக இருக்கும்போது கால் கட் ஆவதில்லை. வைஃபை அடியோடு இல்லாதபோதும் கட் ஆவதில்லை. இரண்டுங்கெட்டானாக, ஒரே ஒரு கோடு மட்டும் மினுக்கிக்கொண்டிருக்கும் இடத்தில்தான் எல்லா வம்பும். எங்கள் குடியிருப்பில் அந்த இடம் மாடிப்படியின் முதல் திருப்பம். பேசிக்கொண்டே இறங்குகிறவர்கள் அங்கே நின்று "ஹலோ, ஹலோ" என்று சுவரைப் பார்த்துக் கத்துவதைத் தினமும் கேட்கலாம்.

எங்கள் வீட்டைச் சுற்றி நாலு பக்கமும் கான்கிரீட், அடுத்த கட்டடம் கை எட்டும் தூரத்தில். போன் வந்தால் பால்கனிக்கு ஓட வேண்டும். 2019 டிசம்பரில் ஏர்டெல்லும் 2020 ஜனவரியில் ஜியோவும் வைஃபை காலிங்கைக் கொண்டுவந்த பிறகுதான் சமையலறையில் நின்றபடி பேச முடிந்தது. சாதாரண நம்பர், சாதாரண டயல், எதிராளிக்கு எந்த ஆப்பும் தேவையில்லை. ஆனால் பேச்சு பாதியில் இருக்கும்போது வீட்டை விட்டு இறங்கினால் என்ன ஆகும் என்பதை யாரும் சொல்லித்தரவில்லை.

உள்ளே நடப்பது இதுதான். வைஃபையில் இருக்கும்போது போன் இன்டர்நெட் வழியாக நம் சிம் கம்பெனியின் வாசல்வரை பூட்டுப் போட்ட ஒரு தனிப்பாதை போட்டுக்கொள்கிறது. வெளியே வந்ததும் அதே வாசலுக்கு 4ஜி டவர் வழியாகப் போகிறது. இரண்டு பாதையும் முடிகிற இடம் ஒன்றே என்பதால் எதிர்முனையில் இருப்பவருக்கு மாறியதே தெரியாது. தெரியக்கூடாது. ஆனால் இதற்கு வோல்ட்டி, அதாவது 4ஜி வழியாகவே குரல் போகும் வசதி, இருந்தாக வேண்டும். போன் 2ஜியிலோ 3ஜியிலோ போய் நின்றால் அந்த அழைப்பை வாங்கிக்கொள்ள அங்கே ஆளில்லை, கட் ஆகிவிடும். வைஃபை காலிங்கை மட்டும் ஆன் செய்துவிட்டு, பேட்டரி மிச்சம் என்று நெட்வொர்க்கை 3ஜியில் பூட்டி வைத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். முதலில் சிம் செட்டிங்கில் வோல்ட்டி ஆனில் இருக்கிறதா, நெட்வொர்க் வகை 4ஜி அல்லது 5ஜி தானியங்கியில் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு சிம் என்றால் இரண்டிலும் தனித்தனியாகப் பார்க்க வேண்டும்.

இவை சரியாக இருந்தும் அறுகிறதென்றால், போன் செத்துக்கொண்டிருக்கும் வைஃபையை விடமாட்டேன் என்று பிடித்துத் தொங்குகிறது என்று பொருள். சிக்னல் அளவைக் காட்டும் இலவச ஆப் ஒன்றைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குள்ளிருந்து படிவரை நடந்து பார்த்தேன். ரவுட்டர் அருகே மைனஸ் 45 டிபிஎம். வாசல் கதவில் மைனஸ் 70. படித் திருப்பத்தில் மைனஸ் 84. பேச்சுக்கு மைனஸ் 67 வரை நல்லது என்பார்கள். 80ஐத் தாண்டினால் வார்த்தைகள் பல்லுடைந்துதான் வரும். அந்த நிலையிலும் என் போன் வைஃபையைத்தான் காட்டிக்கொண்டிருந்தது.

இதற்கு நான் செய்தது கொஞ்சம் தலைகீழான வேலை. ரவுட்டரில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கும் 5 கிகாஹெர்ட்ஸுக்கும் வெவ்வேறு பெயர் வைத்தேன். 2.4 சுவரைத் துளைத்துக்கொண்டு தெருமுனைவரை வரும். 5 ஒரு சுவர் தாண்டினாலே சோர்ந்துவிடும். என் போனில் 5ஐ மட்டும் வைத்துக்கொண்டு 2.4ஐ மறக்கச் சொல்லிவிட்டேன். இப்போது வாசல் தாண்டியதுமே வைஃபை விட்டுப்போகிறது, டவர் உடனே வாங்கிக்கொள்கிறது. நீண்டு வருகிற வைஃபைதான் நல்ல வைஃபை என்று நம்புகிறவர்களுக்கு இது பிடிக்காது. வீடு பெரிதாக இருந்து உள் அறையில் டவரும் கிடைக்காதென்றால் இந்த வழி உதவாது. அங்கே இன்னொரு ரவுட்டரோ மெஷ்ஷோ வைக்கத்தான் வேண்டும்.

அவசரத்துக்கு இன்னொரு வழி. வெளியே கிளம்பும்போது முக்கியமான பேச்சு ஓடிக்கொண்டிருந்தால், டவர் இரண்டு பாயிண்டாவது காட்டுகிற ஜன்னலோரம் நின்று வைஃபையை அணைப்பேன். குரல் ஒரு கணம் விக்கும், பிறகு தொடரும். இரண்டு சிக்னலும் இருக்கும் இடத்தில் மாற்றுவதுதான் சூட்சுமம். லிஃப்டுக்குள் மாற்ற முயலாதீர்கள். அது இரும்புப் பெட்டி, இரண்டும் ஒரே நேரத்தில் போய்விடும்.

வெளியிலிருந்து வீட்டுக்கு வரும்போது நேர்மாறான தொல்லை. கேட்டைத் திறப்பதற்குள் போன் வீட்டு வைஃபையை மோப்பம் பிடித்து, முழு டவரை விட்டுவிட்டு அந்த மெலிந்த கோட்டுக்குத் தாவும். ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் வைஃபை காலிங் பக்கத்திலேயே முன்னுரிமை என்று ஒன்று இருக்கிறது. வீட்டில் டவர் சுமாராகவாவது கிடைக்கிறவர்கள் அதில் மொபைல் நெட்வொர்க்கைத் தேர்ந்தெடுத்துவிடலாம். டவர் அறவே இல்லாதபோதுதான் வைஃபைக்குப் போகும். ஐபோன்காரர்களுக்கு ஒரு வார்த்தை: மேலிருந்து இழுக்கும் பலகையில் வைஃபையை அணைத்தால் அது முழுதாக அணையாது, இப்போதைய இணைப்பைத்தான் துண்டிக்கும். வேறு இடத்துக்குப் போனாலோ மறுநாள் காலை ஐந்து மணி ஆனாலோ தானாகவே மறுபடி ஒட்டிக்கொள்ளும். நிரந்தரமாக அணைக்க செட்டிங்ஸுக்குள் போக வேண்டும்.

மூன்றாம் மாடி மாமா ஒரு நாள் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, வீட்ல அருமையா பேசறேன். கீழ இறங்கினா செத்துப்போகுது. இத்தனைக்கும் வாசல்ல ஃபுல் டவர்."

போனை வாங்கிப் பார்த்தால் மேலே விமானம் பறந்துகொண்டிருந்தது. யாரோ சொன்னார்களாம், ஏரோபிளேன் மோடில் போட்டு வைஃபையை மட்டும் திறந்தால் குரல் தெளிவாக இருக்கும் என்று. உண்மைதான், அப்படியும் பேசலாம். ஆனால் டவரைப் பார்க்கிற கண்ணையே மூடிவிட்ட போன் எந்த டவருக்கு மாறும்?

வாட்ஸ்அப் அழைப்பு வேறு சாதி. அங்கே சிம் கம்பெனியின் வாசல் கிடையாது. வைஃபையிலிருந்து மொபைல் டேட்டாவுக்குப் போனதும் போனின் முகவரியே மாறிவிடும், ஆப் புதிதாக வழி தேட வேண்டும். சில நொடி ஊமையாகும். அந்த நேரத்தில் பொறுமையிழந்து இரண்டு பேரும் வைத்துவிட்டு, இரண்டு பேரும் ஒரே சமயத்தில் திருப்பிக் கூப்பிட்டு, இரண்டு பேருக்கும் பிஸி வரும். எங்கள் வீட்டில் சட்டமே போட்டாகிவிட்டது: முதலில் கூப்பிட்டவர்தான் திரும்பக் கூப்பிட வேண்டும். மொபைல் டேட்டாவை அணைத்து வைத்துவிட்டு வாசல் தாண்டினால் எத்தனை நொடி காத்திருந்தும் பயனில்லை என்பதையும் அம்மாவுக்குச் சொல்லிவைத்திருக்கிறேன்.

கரண்ட் போனால் நடந்து போகாமலே வைஃபை போய்விடும். இன்வெர்ட்டர் இருந்தாலும், அது கைமாற்றும் அந்த இமைப்பொழுதில் சில ரவுட்டர்கள் அணைந்து எழுந்திருக்கும். எழ இரண்டு மூன்று நிமிடம். ரவுட்டருக்கென்றே கையடக்க மினி யூபிஎஸ் கிடைக்கிறது. அடாப்டரில் அச்சிட்டிருக்கும் வோல்ட்டும் ஆம்பியரும் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள், பெரும்பாலும் 12 வோல்ட்தான். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் கரண்ட் வேண்டும். கேபிள்காரர் பக்கத்துக் கட்டட மொட்டைமாடியில் மாட்டியிருக்கும் பெட்டிக்கும் வேண்டும், அதற்கு நாம் ஒன்றும் செய்ய முடியாது.

அலுவலகத்தில் நெட் பறக்கிறது, ஆனால் வைஃபை காலிங் அடையாளம் மட்டும் வரவே இல்லை என்றால் போனைத் திட்டாதீர்கள். ஃபயர்வால் தடுத்திருக்கும். ஐடி பிரிவில் போய், யுடிபி 500, 4500 இரண்டு போர்ட்டும் வெளியே போகத் திறந்திருக்கிறதா என்று கேளுங்கள். "வைஃபை காலிங் வரல" என்று பொதுவாகச் சொன்னால் போனை ரீஸ்டார்ட் செய்யச் சொல்லி அனுப்பிவிடுவார்கள்.